பனிமூட்டக் கடலோரத்தில் ரோஜா: இலை எப்போது காய்கிறது என்பதே கணக்கு

ரோஜா வளர்ப்புக்கான அறிவுரைகளில் பெரும்பாலானவை வெயிலை நம்பிச் சொல்லப்பட்டவை. காலை வெயில் விழும் இடத்தில் நட வேண்டும், வாராவாரம் ஆழமாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பூ பெரிதாக வர பக்க மொட்டுகளைக் கிள்ள வேண்டும். கோடையிலும் பகல் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும், நண்பகல் வரை மூடுபனி கலையாத கடலோரத்தில் இந்த மூன்றையும் அப்படியே கடைப்பிடித்தால் மூன்றுமே காலை வாரிவிடும். காலை வெயில் அங்கே இல்லை. வாரக் கணக்குத் தண்ணீர் அங்கே அதிகம். பெரிய பூ அங்கே விரியவே விரியாது.

இந்தப் பனி வரும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து ஒரு குளிர் நீரோட்டம் ஓடுகிறது. கடலின் ஆழத்திலிருந்து மேலெழும் நீர் அதை இன்னும் குளிர்விக்கிறது. ஈரம் நிறைந்த காற்று அந்த நீரின் மேல் வரும்போது குளிர்ந்து பனியாகிறது. உள்நாடு வெயிலில் கொதிக்கக் கொதிக்க அங்கே காற்று மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று பனியையும் இழுத்துக்கொண்டு உள்ளே வரும். அதனால்தான் உள்நாட்டில் வெயில் உச்சமாக இருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவின் கடலோரப் பகுதிகள் மூடிக் கிடக்கின்றன. அங்கே வெயில் காயும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வட கடலிலிருந்து வரும் பனிக்கு ‘ஹார்’ என்றே தனிப் பெயர் உண்டு. கரை எதுவானாலும் செடி படும் பாடு ஒன்றுதான்: மாலையில் இலை நனைகிறது, மறுநாள் முற்பகல் வரை காய்வதில்லை, வெப்பமும் போதவில்லை.

ஆனால் மூடுபனி மழை அல்ல. இலையை நனைத்துச் சொட்டச் செய்யும். அடியில் மண்ணைத் தோண்டினால் இரண்டு விரல்கடைக்குக் கீழே பொடி பறக்கும். இலை நனைந்தும் வேர் காய்ந்தும் நிற்பதுதான் இந்தக் கரைகளின் ரோஜாவுக்கு வழக்கமான நிலை. இடம் பார்ப்பது முதல் கவாத்து வரை எதைச் செய்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் இலை சீக்கிரம் காயுமா, தாமதமாகக் காயுமா?

பிற்பகல் வெயிலைத் தேடி

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பது பொது விதி. பனிக் கரையில் அந்த ஆறு மணி நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணக் கூடாது; பனி விலகும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பனி பதினொன்றரைக்குக் கலைகிறது என்றால், கிழக்குப் பார்த்த பாத்திக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வடகோளத்தில் தெற்கும் மேற்கும் திறந்த இடமே அங்கே முதல் தரம். நடுவதற்கு முன் ஒரு வாரம் எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது, எங்கே புல் முதலில் காய்கிறது என்று குறித்து வைப்பது நல்லது. முதலில் காயும் இடமே ரோஜாவின் இடம்.

மேற்குப் பார்த்த சுவரோ, கல் பாவிய நடைபாதையோ பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து மாலையில் விடும். இரண்டு மூன்று டிகிரி கூடினாலே விரியத் தயங்கும் மொட்டு விரியும். அதற்காகச் செடியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் காற்று புகாது. குறைந்தது 45 செ.மீ. தள்ளி நட வேண்டும். கூரை விளிம்புக்கு அடியிலும் வேண்டாம். அங்கே ஒரு தனி ஆபத்து இருக்கிறது, சாம்பல் நோயைச் சொல்லும்போது அது வரும்.

செடிக்குச் செடி 75 முதல் 90 செ.மீ. என்பது வழக்கமான இடைவெளி. இங்கே 120 செ.மீ. விடுவது மிகையில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பாத்தி மொட்டையாகத் தெரியும். அந்த இடத்தை நிரப்ப உயரமான பூச்செடிகளை நெருக்கி நட்டால், விட்ட இடைவெளிக்கே பொருளில்லாமல் போகும்.

காற்றைப் பொறுத்தவரை இரண்டும் கெட்டான் நிலைமை. கடற்காற்று துளிரைக் கிழிக்கும், உப்பைக் கொண்டுவந்து பூசும். அதே காற்றுதான் இலையைக் காய வைக்கும். எனவே காற்றைத் தடுக்கக் கூடாது, வடிகட்ட வேண்டும். ஏறக்குறைய பாதி இடைவெளி உள்ள பலகைத் தட்டி அல்லது தளர்வான புதர்வேலி போதும். முழுச் சுவர் எழுப்பினால் காற்று அதன் மேலேறித் தாண்டி மறுபுறம் சுழன்று விழும். செடிக்கு அடி இன்னும் பலமாகப் படும்.

நான்கு பூஞ்சைகள், நான்கு குணங்கள்

‘ஈரம் இருந்தால் நோய் வரும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தெளிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ரோஜாவைத் தாக்கும் நான்கு முக்கியப் பூஞ்சைகள் ஈரத்தை ஒரே மாதிரி விரும்புவதில்லை.

சாம்பல் நோய்க்கு இலையின் மேல் தண்ணீர் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் இலைப் பரப்பு காய்ந்திருக்க வேண்டும். இரவில் 15, 16 டிகிரி அதற்குச் சொர்க்கம். தண்ணீர்ப் படலம் இருந்தால் வித்துகள் சரியாக முளைக்காது. அதனால்தான் கூரை விளிம்பின் அடியிலும் மரத்தடியிலும் உள்ள செடிகள், பனி நேரடியாக நனைக்காவிட்டாலும், வெள்ளை பூத்து நிற்கின்றன. இளந்துளிர்தான் அதன் இலக்கு: துளிர் சுருண்டு, செந்நிறமாகி, பிறகு மாவு தூவியதுபோல் ஆகும். மொட்டின் காம்பிலும் படரும். முற்றிய இலையை அது அவ்வளவாகத் தொடாது. ஆகவே தழைச்சத்தை அள்ளிப் போட்டு ஓயாமல் துளிர் விடவைப்பவர் சாம்பல் நோய்க்குப் பந்தி போடுகிறார் என்றே சொல்லலாம்.

துரு நோய் இதற்கு நேர் எதிர். இலை இரண்டு முதல் நான்கு மணி நேரம் நனைந்திருந்தாலே அது உள்ளே நுழைந்துவிடும். பிடித்தமான வெப்பம் 18 முதல் 21 டிகிரி. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி மேடுகள்; மேற்பக்கத்தில் அதற்கு நேராக மஞ்சள் புள்ளிகள். பத்து முதல் பதினான்கு நாளில் அடுத்த தலைமுறை வித்துகள் தயார். பருவத்தின் முடிவில் அந்தப் பொடி கறுக்கும்; குளிர்காலம் கடத்த அது எடுக்கும் வேடம். மிதமான கடலோரத்தில் இந்த வேடம்கூடத் தேவையில்லை. அங்கே உறைபனி விழாது, செடி இலை உதிர்க்காது, பழைய இலையிலேயே ஆரஞ்சுப் பொடி உயிரோடு வசந்தம் வரை காத்திருக்கும். உள்நாட்டின் கடுங்கோடை இந்த நோயை ஒடுக்கிவிடும். பனிக் கரையில் அப்படியொரு கோடை வருவதில்லை.

கரும்புள்ளி நோய்க்குத் தொடர்ந்து ஏழு மணி நேர ஈரம் வேண்டும். பரவுவதற்கு நீர்த் தெறிப்பும் வேண்டும். கோடையில் மழையே பெய்யாத கரைகளில் அதன் கொட்டம் குறைவு. வசந்த மழையும் மேலிருந்து தெளிக்கும் நீர்த்தூவியும்தான் அங்கே அதை வளர்க்கின்றன. கோடை மழை உள்ள கரைகளில் அதுதான் முதல் எதிரி. புள்ளியின் ஓரம் இறகுபோல் பிசிறடித்திருப்பதும், சுற்றி இலை மஞ்சளாவதும் அடையாளம்.

நான்காவதுதான் மோசமானது: அடிச்சாம்பல் நோய். சரியாகச் சொன்னால் இதைத் தருவது பூஞ்சை அல்ல, பூஞ்சை போன்ற ஓர் உயிரி. பெயரில்தான் சாம்பலுக்கு உறவு, குணத்தில் இல்லை. நரம்புகளுக்குள் அடைபட்ட, கோணம் கோணமான ஊதாத் திட்டுகள் தோன்றும். இரண்டு நாளில் இலை தொட்டவுடன் உதிரும். மருந்து தெளித்துக் கருகியதுபோல் இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். 18 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் வெடிக்கும். 27 டிகிரி ஒரு நாள் முழுக்க நீடித்தால் வித்துகள் மடிந்துவிடும், ஆனால் அந்த வெப்பத்துக்குப் பனிக் கரை எங்கே போகும்? கந்தகம் இதற்கு உதவாது. நோயுற்ற கிளையை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுப்பதும், உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும்தான் வீட்டுத் தோட்டத்தில் கைக்கெட்டும் வழி.

ஒரே தோட்டத்தில் சாம்பல் நோயும் துரு நோயும் இடம் பிரித்துக்கொண்டு வாழ்வது இதனால்தான்: மறைவான மூலையில் அது, திறந்த வெளியில் இது. சாம்பல் நோய்க்கு இலையைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவது நல்ல வைத்தியம். வாரம் இரண்டு முறை, பனி விலகி வெயில் விழத் தொடங்கியதும், இரண்டு மணி நேரத்தில் காயும்படி கழுவ வேண்டும். துரு நோய் உள்ள செடியில் இதே வைத்தியம் வினையாகும். முதலில் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும்.

மருந்து என்று வந்தால், தண்ணீரில் கலந்து தெளிக்கும் ‘நனையும் கந்தகம்’ சாம்பலையும் துருவையும் தடுக்கும். வந்த நோயைத் தீர்க்காது. அதிலும் ஒரு குறை உண்டு: கந்தகம் ஆவியாகித்தான் பெருமளவு வேலை செய்கிறது, 15 டிகிரிக்குக் கீழே ஆவியாவது மிகக் குறைவு. உள்நாட்டில் இலையைக் கருக்கிவிடும் என்று அஞ்சப்படும் அதே மருந்து, பனிக் கரையில் சோம்பிக் கிடக்கிறது. எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது என்ற விதி மட்டும் எங்கும் மாறாது. சாம்பல் நோய்க்குச் சமையல் சோடா பலராலும் சொல்லப்படும் மருந்து. ஆனால் அதில் இருப்பது சோடியம். கடலோர மண்ணில் ஏற்கெனவே உப்பு போதும். பொட்டாசியம் பைகார்பனேட்டை லிட்டருக்கு 4 கிராம் அளவில், சில துளி மென்சோப்பு சேர்த்துத் தெளிப்பது மேல். தெளிக்கும் நேரம் பனி விலகிய பின். இல்லையென்றால் அன்று மாலைப் பனியே அதைக் கழுவிவிடும்.

விரியாத மொட்டு

பனிக் கரையில் ரோஜா வைத்தவர்களை நோயைவிட அதிகமாக நோகடிப்பது இது. மொட்டு பருத்து, நிறம் காட்டி, நாளை விரியும் என்று நிற்கும். விரியாது. வெளி இதழ்கள் பனியில் ஊறி, பிறகு வெயில் பட்டதும் நனைந்த காகிதம் காய்ந்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இதழ்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியேற வழியில்லை. கடைசியில் பழுப்பு உருண்டையாகி, சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து, அந்த அழுகல் காம்பு வழியே கீழே இறங்கும்.

இதழ் நிறைய, இதழ் மெல்லிசு, வெப்பம் குறைவு: மூன்றும் சேரும்போது இது நடக்கிறது. 1843இல் வந்த ‘சூவனிர் தெ லா மால்மேசான்’ வெப்பமான, வறண்ட இடத்தில் பேரழகி; ஈரக் காற்றில் மொட்டிலேயே அழுகுவதற்குப் பேர்போனவள். குளிர் இடத்தில் பூ உருவாக நாள் அதிகமாவதால், ஒரே ரகம் அங்கே இன்னும் அதிக இதழோடும் பெரிய பூவோடும் வருவதுண்டு. கண்காட்சிப் பூவுக்காகப் பக்க மொட்டுகளைக் கிள்ளினால் நடு மொட்டு மேலும் பருக்கும், மேலும் திணறும். இங்கே பக்க மொட்டுகளை விட்டுவைப்பதே நல்லது. மொட்டு ஒட்டிக்கொண்டது தெரிந்தவுடன் வெளி இதழ் இரண்டு மூன்றை விரலால் மெல்ல உரித்துவிட்டால் சில சமயம் பூ பிழைக்கும். பழுப்பாகிவிட்டால் கொத்திலிருந்து அதை மட்டும் உடனே வெட்ட வேண்டும். விட்டால் கொத்து முழுவதும் போகும்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது நிறத்துக்கு முன் இதழ் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். 25, 30 இதழுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். ஐந்து முதல் பத்து இதழுள்ள ஒற்றையடுக்கு ரகங்கள் எந்தப் பனியிலும் விரியும்: சிவப்புக் கொடி ரோஜாக்களான ‘டார்ட்மண்ட்’ (1955), ‘ஆல்டிசிமோ’ (1966), பெரிய வெள்ளைக் கொத்துகள் தரும் ‘சாலி ஹோம்ஸ்’ (1976), சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூக்களின் ‘பாலரினா’ (1937). அடுக்குப் பூதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் ரோஜா நிறுவனமான கோர்டெஸ் 1958இல் வெளியிட்ட ‘ஐஸ்பெர்க்’ குளிரிலும் தயங்காமல் விரியும். கரும்புள்ளி மட்டும் அதைத் தேடி வரும்.

கடலை ஒட்டியே, மணலிலும் உப்புக் காற்றிலும் வைப்பதென்றால் ருகோசா வகைக்கு நிகரில்லை. ஜப்பான், கொரியா, சகாலின் கரைகளின் மணல்மேடுகள்தான் அதன் தாயகம். சுருக்கம் விழுந்த தடித்த இலையில் துருவும் கரும்புள்ளியும் எளிதில் ஏறுவதில்லை. ஆனால் அந்த இலை மருந்தைப் பொறுக்காது. பக்கத்துச் செடிக்குத் தெளித்தது தெறித்தாலே கருகும். வட ஐரோப்பாவின் மணல்மேடுகளில் அது கட்டுக்கடங்காமல் பரவி, அங்கே இயல்பாக வளரும் செடிகளை நெருக்குகிறது. எனவே அந்தப் பகுதிகளில் நடுவதற்கு முன் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை ஜெர்மனியில் புது ரோஜா ரகங்களைச் சோதித்துத் தரும் ஏ.டி.ஆர். முத்திரை நம்பத்தக்க ஒரு தொடக்கம். 1997 முதல் அந்தச் சோதனை வயல்களில் பூச்சி, பூஞ்சை மருந்து எதுவும் தெளிப்பதில்லை. ஆயினும் கரும்புள்ளிப் பூஞ்சையில் பல உட்பிரிவுகள் இருப்பதால், ஓரிடத்தில் தாக்குப்பிடித்த ரகம் இன்னோரிடத்தில் விழலாம். பக்கத்துத் தெருவில் மருந்தே காணாமல் ஆகஸ்டிலும் பச்சையாக நிற்கும் செடி, எந்த முத்திரையையும்விடப் பெரிய சான்று.

ஒரு விஷயத்தில் பனிக்கு நன்றி சொல்ல வேண்டும். குளிரில் சிவப்பும் இளஞ்சிவப்பும் அடர்ந்து வரும்; உள்நாட்டில் மூன்றே நாளில் வெளிறும் பூ, இங்கே ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

மண், நீர், உரம், உப்பு

கடலோர மணல் நீரைப் பிடிப்பதில்லை, சத்தையும் பிடிப்பதில்லை. குழி 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்கு மட்கிய உரம் கலக்கலாம். களிமண் என்றால் 25, 30 செ.மீ. உயர்த்திய பாத்தி, அது வடியும், வசந்தத்தில் முன்னதாகச் சூடேறும். ஒட்டுச் செடியில் மொட்டுக் கட்டிய முடிச்சை உறைபனி நாடுகளில் மண்ணுக்குள் புதைப்பார்கள். இங்கே மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே நிற்கட்டும், வெயில் பட்டால்தான் அடியிலிருந்து புதுக் கிளை கிளம்பும். மூடாக்கு 5 செ.மீ. போதும், அதையும் வசந்தத்தில் விலக்கி மண்ணைச் சூடேறவிட்டு, பிறகு போட வேண்டும்.

தண்ணீரை நாள்காட்டி பார்த்து விடக் கூடாது. 10 செ.மீ. ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் வளர்ந்த செடிக்கு 10 முதல் 15 லிட்டர். சொட்டுநீர் அல்லது அடியில் ஊற்றுவது. மாலையில் ஒருபோதும் வேண்டாம்.

குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால் இயற்கை உரம் தாமதமாகக் கரையும். பலன் தெரியவில்லையே என்று மேலும் போட்டால், ஒரு வெயில் வாரத்தில் எல்லாம் ஒன்றாக வெளிப்பட்டு மெத்தென்ற துளிராய்க் கிளம்பும். சாம்பலும் அசுவினியும் தேடி வருவது அதைத்தான். துளிர் 10, 15 செ.மீ. ஆனபின் தொடங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியை மாதம் ஒருமுறை போட்டால் போதும். வசந்தத் தொடக்கத்தில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்: குளிர்ந்த, ஈர மண்ணில் வேர் இரும்பை எடுக்கத் திணறுகிறது, மண் சூடேறினால் பெரும்பாலும் தானே சரியாகும்.

அசுவினிக்கு இந்தக் குளிர் மிகவும் பிடிக்கும். குழாய் நீரால் அடித்து விழத்தட்டுவது போதும். நத்தைத் தொல்லை ஓயாது. செஞ்சிலந்தி மட்டும் வெப்பத்தின் பிள்ளை, இங்கே அபூர்வம்.

புயல் காற்றுக்குப் பின் இலையின் ஓரம் மட்டும் கருகியிருந்தால் அது நோயல்ல, உப்பு. காற்று அடங்கியவுடன் நல்ல நீரால் இலையைக் கழுவி, வேர்ப்பகுதியிலும் தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும். இலை நனையக் கூடாது என்ற விதிக்கு இதுவும் ஒரு விலக்கு.

தூங்காத செடியைத் தூங்கவைப்பது

மிதமான கடலோரக் குளிர்காலத்தில் ரோஜா முழு உறக்கத்துக்குப் போவதில்லை. அதனால் கவாத்தோடு சேர்த்து ஒரு வேலை கூடுதல்: மிச்சமிருக்கும் ஒவ்வோர் இலையையும் கையால் அகற்றுவது. இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் பட்டை உரியும்; மேல்நோக்கித் தள்ள வேண்டும், அல்லது காம்பைக் கத்தரிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் துரு வித்துகள் குளிர்காலம் கடத்தும் வீடு அந்த இலைகள்தாம். விழுந்தவற்றையும் பழைய மூடாக்கின் மேற்பரப்பையும் வாரி எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். வீட்டு மட்குக் குழியில் நோய் இலையைப் போடுவது அடுத்த ஆண்டுக்கு விதை சேர்ப்பதற்குச் சமம், ஏனென்றால் அங்கே அவ்வளவு சூடு ஏறுவதில்லை.

கவாத்து வடகோளத்தில் ஜனவரி, பிப்ரவரியில். முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டும் பழக்கம் இங்கே உதவாது. வெயில் குறைந்த இடத்தில் செடி இழந்த மரத்தை மீண்டும் வளர்க்க நீண்ட காலமாகும். 60 முதல் 75 செ.மீ. விட்டுவைக்கலாம். உயரத்தில் காட்டும் தயவை நடுவில் காட்டக் கூடாது. பென்சிலைவிட மெல்லிய குச்சிகள், உள்நோக்கி வளர்பவை, ஒன்றையொன்று உரசுபவை எல்லாம் போக, கிண்ணம்போல் நடு திறந்திருக்க வேண்டும். வெளிநோக்கிய மொட்டுக்கு 5 மி.மீ. மேலே வெட்டு. மே மாதம் செடி தழைத்தபின் குனிந்து பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் ஓரிரு உள்கிளைகளை எடுக்கலாம். அடியிலிருந்து 20, 25 செ.மீ. வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுவதும் காற்று புக வழி செய்யும்.

உள்நாட்டில் ஒரு பூச்சுற்று முடிந்து அடுத்தது வர 40, 45 நாள் ஆகுமென்றால், பனிக் கரையில் 55 முதல் 65 நாள் ஆகும். இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அதையே ஆதாயமாக்கலாம். செப்டம்பர் கடைசியில் பனி விலகி வெயில் வரும் கரையில், ஜூலைக் கடைசி வாரத்தில், பூத்த கொத்துகளோடு கிளையையும் 20, 30 செ.மீ. சேர்த்துக் கத்தரித்துவிட வேண்டும். அப்போது செடியில் நிற்கும் பழுப்பேறிய மொட்டுகள் எப்படியும் விரியப்போவதில்லை. வெட்டிய இடத்தில் கிளம்பும் துளிரில்தான் ஆகஸ்டு முழுக்கச் சாம்பல் நோய் குறி வைக்கும், அதைக் கழுவிக் காப்பாற்ற வேண்டும். தப்பிய மொட்டுகள் ஆண்டின் முதல் காய்ந்த வாரத்தில் நிறம் காட்டும்.